நாலாவது பட்டனில் இருந்த குரல்

நேற்றுச் சாயங்காலம் கடையில் ஆளில்லை. கோவில்பட்டி பஸ் நிலையத்துப் பக்கம் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற கடை என்னுடையது. ஈ ஓட்டுகிற நேரத்தில் பழைய சாமான் விற்கிற வாட்ஸப் குழுவைப் புரட்டுவது பழக்கம். அதில் ஒரு கீபோர்டு வந்திருந்தது. நான் வைத்திருந்த அதே மாடல். ‘உள்ளே இருக்கும் டோன், ஸ்டைல் எல்லாம் இலவசம்’ என்று எழுதியிருந்தான் புண்ணியவான். இலவசமாம்! ஒரு ஸ்டைல் செய்ய எத்தனை நாள் முதுகு ஒடிய உட்கார வேண்டும் என்று அவனுக்குத் தெரியுமா? கடுப்போடு படத்தைப் பெரிதாக்கினேன். இடது பக்க டிரான்ஸ்போஸ் பட்டன் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மேடையை விட்டு இறங்கி இத்தனை வருஷமாகியும் ஒரு பட்டனைப் பார்த்துப் பயப்படுகிறவன் நானாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

அது விலை குறைந்த கீபோர்டு. பெரிய பாட்டுக் கச்சேரிக் குழுக்காரர்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். இடது கையால் மூன்று கட்டையைச் சேர்த்து அமுக்கி ஒரு கார்டு பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் சேர்ந்து ஓடும். அந்த ஓட்டத்துக்குத்தான் ஸ்டைல் என்று பெயர். கம்பெனிக்காரன் உள்ளே போட்டுக் கொடுத்திருந்த ஸ்டைல்களில் வெள்ளைக்காரன் நடனமாடலாம். இந்தியன் என்று பெயர் போட்டு இரண்டு இருந்தன. வாசித்தால் பஞ்சாபில் கல்யாணம் நடக்கிற மாதிரி இருக்கும். எட்டயபுரம் பக்கத்துக் கோவில் கொடையில் போய் அதை வாசித்தால் மேடையோடு தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆகவே எல்லாவற்றையும் நானே செய்தேன். உறுமிச் சத்தத்தைச் செல்போனில் பிடித்து, வெட்டி, கட்டைக்குக் கட்டை பரப்பி வைத்தேன். எங்கள் ஊருக்குத் தீப்பெட்டிக்கா பஞ்சம்? குச்சி நிறைந்த பெட்டியைக் காதருகில் குலுக்கினால் ஒரு சத்தம், பாதிப் பெட்டியைக் குலுக்கினால் வேறு சத்தம். இரண்டையும் பதிவு செய்து தாளத்துக்கு நடுவே தூவிவிட்டேன். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு யாராவது மாலை போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அம்மா மட்டும், அடுப்படித் தீப்பெட்டியை எங்கேடா என்று கேட்டாள்.

‘பட்டனைத் தட்டுனா பாட்டு வருது, இவனுக்கு என்ன வேலை’ என்று சொல்கிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் குழு சின்னது. மைக்செட் வைத்திருந்த அண்ணாச்சி முதலாளி. நான், ஒரு ஆண் பாடகர், சுந்தரி அக்கா. அக்காவுக்கு நாற்பது தாண்டியிருக்கும். பகலில் தெருவுக்கே ரவிக்கை தைப்பாள், கச்சேரி என்றால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வேறு ஆளாக வந்து நிற்பாள். மேல் ஸ்தாயியில் அவள் ஒரு ஹம்மிங் எடுத்தால் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவன் வாளியோடு நின்றுவிடுவான். அதை நான் விட்டுவைப்பேனா? ஒரு மத்தியானம் அவள் வீட்டில் ஃபேனை நிறுத்தி, வேர்த்து விறுவிறுத்து, அந்த ஹம்மிங்கை மூன்று தடவை பாட வைத்தேன். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீபோர்டின் நாலாவது பேட் பட்டனில் ஏற்றினேன். மேடையில் அவள் பாடும்போது நான் அதை அமுக்கினால், அவளுக்குப் பின்னால் அவளே மூன்று பேராக நின்று பாடுவாள். அண்ணாச்சி அதைச் சொல்லியே கச்சேரி பிடித்தார். ‘நம்மகிட்ட கோரஸ் இருக்கு’ என்பார், என்னவோ ஒரு வேன் நிறையப் பெண்களை ஏற்றி வருகிற மாதிரி.

அப்புறம்தான் அக்காவின் தொண்டை கெட ஆரம்பித்தது. டாக்டர் என்னவோ சொன்னார், பாடாமல் இருக்கச் சொன்னார். அவள் கேட்கவில்லை. இரண்டு ஊர்களில் மேலே போகும்போது குரல் பிசிறியது. மூன்றாவது ஊரில் ஒருவர் அண்ணாச்சியிடமே நேராகச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறதே. இன்னும் ஒரு தடவை இப்படி ஆனால் சாத்தூரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்துவிடுவேன் என்று அக்காவிடம் தெளிவாகச் சொன்னார்.

அன்றைக்கு அக்கா என்னிடம் வந்தாள். “ஏலே, மேடை இல்லைன்னா நான் வெறும் தையக்காரிதாம்லே. ஒரு கட்டை எறக்கி வாசிலே. யாருக்குத் தெரியப்போவுது?”

உண்மைதான், யாருக்கும் தெரியாது. குழு முழுக்க ஒரே கீபோர்டுக்குள் இருப்பதில் இது ஒரு சௌகரியம். டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டு தட்டினால் மொத்தப் பாட்டும் ஒரு கட்டை கீழே இறங்கிவிடும். விரல் வாசிப்பதையே வாசிக்கலாம். ஆண் பாடகர் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறதே என்று புலம்புவார். அவர் எப்போதும் புலம்புகிறவர்தான் என்பதால் யாரும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் அக்கா என்னைப் பார்ப்பாள், நான் யாரும் பார்க்காமல் தட்டுவேன். திருட்டு ரயில் ஏறியவன் டிக்கெட் பரிசோதகரைப் பார்ப்பதுபோல அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் வாசித்தேன். ஒரே ஒரு சிக்கல் உண்டு. தாளமும் டோனும் கீழே இறங்கும். பேடில் இருக்கிற குரல் இறங்காது. அது பதிவு செய்த குரல், அது பாடிய கட்டையில்தான் பாடும். அதனால் கோரஸை நான் அமுக்குவதே இல்லை. அண்ணாச்சி கேட்கும்போதெல்லாம் பட்டனில் தூசி அடைத்திருக்கிறது என்று கரிசல் மண்ணின் மேல் பழியைப் போட்டுவிடுவேன்.

விளாத்திகுளம் கல்யாணம் வந்தது. இப்போதும் மிளகாய் வத்தல் வறுக்கிற நெடி மூக்கில் ஏறினால் எனக்கு அந்த மண்டபம்தான் வரும். மாசி மாதம், பக்கத்திலேயே வத்தல் களம். தரை முழுக்கச் சிவப்பு. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் மாப்பிள்ளைகூடத் தும்முவார். தாலி கட்டி முடிந்து, பந்தி ஆரம்பித்ததும் கச்சேரி. வேனிலிருந்து இறங்கும்போதுதான் கவனித்தேன், பின் சீட்டில் சாத்தூர்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். ‘சும்மா கேக்க வந்திருக்கா’ என்றார் அண்ணாச்சி. அக்கா அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு மேடை ஏறிவிட்டாள்.

அங்கே இன்னொரு குண்டு காத்திருந்தது. அந்த வீட்டார் எங்களைக் கூப்பிட்டதே மாமன் சீர்ப் பாட்டுக்காக. அது எங்கள் குழுவே கட்டிய பாட்டு. தாய்மாமன்மார் சீர்த்தட்டுகளோடு வாசலில் நுழையும்போது ஒவ்வொருவர் பேரையும் சொல்லிப் பாட வேண்டும். பேர் சொல்லி முடித்ததும் அக்காவின் குரல் மேலே ஏறும், கோரஸ் சேரும். மாமன்களில் ஒருவர் அதை எங்கோ ஒரு கொடையில் கேட்டிருக்கிறார், கோரஸோடு வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ‘இன்னைக்குப் பட்டன் வேலை செய்யணும், ஆமா’ என்றார் அண்ணாச்சி என் கண்ணைப் பார்த்து. கோரஸ் வேண்டுமென்றால் கட்டையை இறக்க முடியாது. கட்டையை இறக்காவிட்டால் அக்காவால் ஏற முடியாது.

அக்காவிடம் மெல்லச் சொன்னேன். “பேரை நீங்க பாடிருங்கக்கா. மேல போற எடத்துல நான் பேடை அமுக்கிருதேன். நீங்க மைக்கை வச்சுக்கிட்டு வாயை மட்டும் அசைங்க.”

“அதும் நான்தானலே?” என்றாள்.

“நீங்கதான்க்கா.”

“அப்போ சரி.”

சீர் வந்தது. ஒரு வழக்கம் உண்டு எங்கள் பக்கம்: தட்டு வாசலைத் தாண்டிவிட்டால் மணவறைக்கு வந்து இறங்குகிறவரை மேளமோ பாட்டோ எதுவானாலும் நிற்கக் கூடாது. நான் உறுமித் தாளத்தை ஓட விட்டேன். அக்கா இரண்டு மாமன்களின் பேரைப் பாடினாள். பேடை அமுக்கினேன். குரல் ஏறியது. அக்கா வாயசைத்தாள், கூட்டம் கை தட்டியது. தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் ஊர்வலம் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் வந்த வெள்ளை மீசைக்காரர் தட்டைத் தரையில் வைத்துவிட்டார்.

அவர்தான் மூத்த மாமன். தங்கச்சி வீட்டோடு பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லையாம். வர மாட்டார் என்று நினைத்து, கல்யாணப் பெண்ணின் அப்பா அக்காவிடம் மற்ற இரண்டு மாமன்களின் பேரை மட்டும் சொல்லியிருக்கிறார். மனுஷன் மனசு மாறி அன்று காலையில்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வந்த இடத்தில் பேர் இல்லை. அவர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருந்த தம்பியிடம் அவர்கள் வீட்டுத் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். பெண்ணின் அம்மா மணவறையிலிருந்து ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆளாளுக்குக் கத்தினார்கள். என் ஸ்டைலுக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு உறுமியையும் தீப்பெட்டியையும் குலுக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியது. நிறுத்தவும் முடியாது, கேட்கவும் முடியவில்லை.

அண்ணாச்சி கூட்டத்துக்குள் புகுந்து பேரைக் கேட்டு வந்து மேடைக்குக் கீழே நின்று சொன்னார். “பெருமாள்சாமி. அவிய பேரை முதல்ல வச்சுப் பாடும்மா. இப்பவே.”

அந்த நேரம் பார்த்துக் காற்று களத்துப் பக்கமிருந்து திரும்பியது. நெடி மேடைக்கு ஏறியது. அக்கா பெருமாள்சாமி என்று எடுத்தாள், எப்படியோ எடுத்தாள். மற்ற இரண்டு பேரையும் சொன்னாள். கடைசி எழுத்து முடியும்போது அவள் தொண்டை அடைத்தது. நான் நாலாவது பட்டனை அமுக்கினேன். அவள் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமினாள். உடம்பே குலுங்கியது. ஸ்பீக்கரில் அவள் குரல் எந்தச் சிரமமும் இல்லாமல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி உட்பட மண்டபம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டைத் தூக்கினார். குலவை கேட்டது. மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள், சாத்தூர்ப் பெண். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. “இன்னைக்குத்தான்மா உன் தொண்டை தொறந்திருக்கு. இனி ஒருத்தியும் வேண்டாம், நீதான்” என்று அந்தப் பெண்ணுக்குக் கேட்கும்படியே சொன்னார். அக்கா அதற்குத்தானே ஒரு வருஷம் பயந்து பயந்து பாடினாள்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேனில் ஏறியதும் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தேன். அக்கா வாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெடித்துக் கிடந்த பருத்திக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். எட்டயபுரம் தாண்டும்போது அண்ணாச்சியிடம், அடுத்த கச்சேரிக்குச் சாத்தூர்ப் பிள்ளையையே கூட்டிக்கிடுங்க என்றாள். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்.

மறுநாள் காலையில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். கீபோர்டை மாட்டச் சொன்னாள். நாலாவது பட்டனை அமுக்கச் சொல்லிக் கடைசிவரை கேட்டாள். “நான் இருமிக்கிட்டு நிக்கேன், அவ பாடுதா. எனக்கே அவமேல பொறாமையா இருக்குலே. அழிச்சிரு.”

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பென்டிரைவிலும் போனிலும் இருப்பதையும் சேர்த்து அழி என்றாள். கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தேன். கடைசியில் கீபோர்டு, நிச்சயமாகவா என்று திரையில் கேட்டது. அது என்ன கேக்குது என்றாள் அக்கா. சொன்னேன். ‘ஆமான்னு சொல்லு’ என்றாள்.

அவள் அதன் பிறகு எந்த மேடையிலும் பாடவில்லை. அண்ணாச்சி இப்போது பந்தல் போடுகிறார். குழு என்று ஒன்று இல்லை. கல்யாணங்களில் கச்சேரி வைக்கிறவர்களும் குறைந்துபோனார்கள். விளாத்திகுளம் கல்யாண வீடியோவை ஒருநாள் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அக்கா பாடுகிறாள், நான் வாசிக்கிறேன், சத்தத்தை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார்கள். எவனுக்கு யார் குரல் போனால் என்ன?

போன பொங்கலுக்கு அக்கா கடைக்கு வந்தாள். போனுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாள். குரல் கரகரவென்று, காது கொடுத்துக் கேட்டால்தான் புரிகிற அளவுக்குப் போய்விட்டது. கண்ணாடி ஒட்டி முடித்த பிறகும் அவள் போகவில்லை. பேரப்பிள்ளை, நீங்க பாடுவீங்களாமே ஆச்சி என்று கேட்டானாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு பழைய பென்டிரைவில், ஏதாவது ஒரு மூலையில், ஒரு காப்பிகூடவா எடுத்து வைக்கவில்லை என்று கேட்டாள்.

இல்லக்கா, நீங்க சொன்னபடியே எல்லாத்தையும் அழிச்சிட்டேன் என்றேன்.

போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

“சொன்னா அப்படியே கேட்டுருவியாலே நீ?” என்றாள்.