ஏழு டிரங்குப் பெட்டிகளும் ஒரு மாதிரி வீடும்

மார்ச் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, காலை 8.10-க்கு, மும்பை மாதுங்காவில் தங்கியிருந்த அறையில், செருப்பை விடுத்து ஷூ அணிவது என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் யோசித்த விஷயம். போகிற இடம் செம்பூர்ப் பக்கத்து ராணுவக் குடியிருப்பு. அங்கே செருப்புக்கு என்ன மதிப்பு என்று எங்கும் தகவல் கிடைக்கவில்லை.

கூப்பிட்டது என் சித்தப்பா மகள் செல்வி. தாராவியில் வளர்ந்தவள். கணவர் ஹவில்தார், இப்போது எல்லையில். அவள் பிள்ளைகளோடு இருக்கும் பழைய குடியிருப்பை இடித்து, ஒரு தனியார் பில்டர் பதினெட்டு மாடி கட்டித் தருவார். பதிலுக்கு நிலத்தில் ஒரு பகுதி அவருக்கு. மாதிரி வீடு தயார். குறை இருந்தால் அன்று மாலை ஐந்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் வரைபடம் இறுதி.

மாதுங்காவிலிருந்து குர்லா, அங்கே ஹார்பர் லைன் மாறி செம்பூர்: டிக்கெட் ஐந்து ரூபாய், 35 நிமிடம். பிறகு ஆட்டோ, இரண்டு கிலோமீட்டர், 41 ரூபாய். ராணுவ வீட்டைத் தனியார் கட்டலாமா என்று ஓட்டுநரிடம் கேட்டேன். யார் கட்டினாலும் மூன்றாவது மழைக்கு ஒழுகும் என்று இந்தியில் சொன்னார். இது குறித்து நான் படித்த அறிக்கைகளில் இவ்வளவு தெளிவு இல்லை.

வாயிலில் ஆதார் காட்டிப் பெயர் எழுதப் பதினைந்து நிமிடம். மாதிரி வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள்.

பில்டர் தரப்பில் சுற்றிக் காட்டியவர் ரமணி, மாதுங்காத் தமிழர். கருத்துப் படிவம் கொடுத்தார். நீச்சல் குளத்து ஓடு நீலமா பச்சையா என்பது முதல் கேள்வி.

செல்வி படிவத்தைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒரு கறுப்பு இரும்பு டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்திருந்தாள். மூடியில் வெள்ளை பெயிண்டில் கணவர் பெயரும் நம்பரும். ராணுவக் குடும்பம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறுவது இந்தப் பெட்டிகளில்தான். மற்ற நாட்களில் அவை கட்டிலுக்கு அடியில் கிடக்கும். இவளிடம் ஏழு.

"அண்ணே, வேடிக்க பாத்தது போதும், ஒரு பக்கம் புடிங்க" என்றாள். பிடித்தேன். சுவரோடு பொருத்திய கட்டிலுக்கு அடியில் நான்கு விரல்தான் இடம். பரண் இல்லை. பால்கனியில் வைத்தால் கதவு திறக்கவில்லை.

"பழைய பெட்டியெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஒரு வார்ட்ரோப் வாங்கிடுங்கோ, மேடம்" என்றார் ரமணி.

"வாங்கலாம் சார். மாத்தல் வந்தா அத நீங்க தூக்கிட்டு வருவியளா?"

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ரமணி சிரிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். "இத்தன மீட்டிங்ல யாருமே பெட்டின்னு ஒரு வார்த்த சொல்லலையே" என்றார்.

"மீட்டிங்குக்கு வந்த ஆபீசருங்க வீட்ல, சாமான் கட்டுறது யாருன்னு கேட்டியளா?"

இந்தியில் ஒரு பக்கம் எழுதினாள். இருபத்திரண்டு பெண்கள் கையெழுத்திட்டார்கள். 4.40-க்கு ரமணி வாங்கிக்கொண்டார்.

வீட்டை அரசு கட்டுவதா தனியார் கட்டுவதா என்பதில் எனக்கு இன்னும் முடிவு இல்லை. யார் கட்டுகிறார் என்பதைவிட, யாரைக் கேட்டுக் கட்டுகிறார் என்பதைத்தான் இனி விசாரிப்பேன். போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். ஹார்பர் லைனில் மெகா பிளாக் என்று, தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தியிருக்கலாம். உள்ளே இருப்பவர் முன்கூட்டியே உங்கள் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும். படம் எடுக்க அனுமதி இல்லை. செருப்பு போதும்.

ஏப்ரலில் திருத்திய வரைபடம் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஏழு பெட்டி கொள்ளும் பரண். கட்டி முடிக்க மூன்று ஆண்டு ஆகும். மே மாதம் செல்வியின் கணவருக்கு ஜபல்பூருக்கு மாற்றல் வந்தது, குடும்பத்தோடு.