பாண்டி பஜாரில் மூன்றாவது நடுவர்

பாண்டி பஜாரில் ஒரு டி.வி. கடை. கண்ணாடிக்கு வெளியே நாற்பது பேர் கிரிக்கெட் பார்க்கிறோம். கோயம்புத்தூர் ரயிலைப் பிடிக்க வேண்டிய நான், பெட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

நம் ஆள் ரன் அவுட் என்று நடுவர் விரலை உயர்த்துகிறார். காலையில் எதிரணிக்கு இதே நிலை வந்தபோது, மூன்றாவது நடுவரிடம் வீடியோ பார்க்கச் சொன்னவர் இவர்தான். எனக்கு எரிகிறது.

பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரருக்கு அதைவிட. "அவனுக்குன்னா கேப்பான், நமக்குன்னா கேக்க மாட்டானா? இன்னா சார் நியாயம் இது?"

கடைக்காரர் ஆட்டத்தை வி.சி.ஆரில் பதிவு செய்கிறார். ஆட்டோக்காரர் கண்ணாடியைத் தட்டுகிறார். "நைனா, டேப்ப திருப்பிப் போடு. நாம பாத்துக்கலாம்."

போடுகிறார். மூன்று முறை பார்க்கிறோம். மட்டை கோட்டுக்கு ஒரு சாண் வெளியே இருக்கிறது.

"அவுட்தான்" என்கிறேன்.

"நான் இல்லன்னா சொன்னேன்? கேட்டுட்டுக் குடுத்தா இன்னா?"

கடைக்காரர் மறுபடி ஆட்டத்துக்கு மாற்றுகிறார். நம் ஆள் இன்னொருவர் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறுகிறார். உடனே சோப்பு விளம்பரம். எப்படி அவுட்டானார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பழையதைப் போட்டுப் பார்த்த நேரத்தில் டேப்பிலும் பதிவாகவில்லை.

நாற்பது பேரும் ஆட்டோக்காரரைப் பார்க்கிறோம். அவர் துளியும் அசரவில்லை.

"இத்த நாம பாக்கல இல்ல? அப்ப அவுட்டே கெடியாது சார்."