குனிந்து வாங்கிய மாலை

எங்கள் கல்யாண ஆல்பத்தில் மாலை மாற்றுகிற படம் ஒன்று இருக்கிறது. அதில் என் மனைவியின் முகம் தெரியாது. ஜடையும் ஜடையில் வைத்த பூவும் மட்டும்தான் தெரியும். அந்த அளவுக்குக் குனிந்திருந்தாள். நான் இரண்டு கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, அடுப்பிலிருந்து பானையை இறக்குகிறவன் மாதிரி, என் வயிற்றுக்கு நேராக இருந்த அவள் கழுத்தில் மாலையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். திண்டிவனத்து மண்டபமே கேட்கும்படி என் பெரியக்கா சொன்னாள்: "பாத்தியாடி, பொண்ணுக்கு இன்னா அடக்கம்!" அடக்கமெல்லாம் இல்லை. என் அக்குளைப் பற்றி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

சின்ன வயதிலிருந்தே எனக்கு அக்குளில் வேர்வை கொட்டும். மார்கழியிலும் கொட்டும். சட்டையின் இரண்டு பக்கமும் வட்டம் விழுந்து, மெல்ல இடுப்புவரை இறங்கும். அதனால் கையைத் தூக்காமலே வாழப் பழகியிருந்தேன். விழுப்புரம் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க மாட்டேன். டிரைவர் பிரேக் போட்டால் யார் மடியிலாவது உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பேன். இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலை ஜவுளிக்கடையில். மேல்தட்டுப் புடவையை யாராவது கைகாட்டினால், "அது போன வருஷத்துச் சரக்குங்க" என்று சொல்லிக் கீழ்த்தட்டையே விற்றுவிடுவேன். "ஒன் செக்ஷன்ல மட்டும் மேல்தட்டுப் பொடவைக்கு இன்னாய்யா சாபம்?" என்பார் முதலாளி.

ஒலக்கூருக்குப் பெண் பார்க்கப் போனது நல்ல வெயிலில். மாமனாராகப் போகிறவர், "கைக்கிட்டதான் இருக்குது, அந்த ஃபேன் சுவிட்ச தட்டுங்க மாப்ள" என்றார். சுவிட்ச் என் தலைக்கு மேலே இருந்தது. "எனக்கு ஃபேன் காத்து ஒத்துக்காதுங்க" என்றேன். மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. காபித் தட்டோடு வந்த பெண் அதைக் கேட்டாள். தட்டை வைத்தாள், என்னைத் தாண்டிக் கையை நீட்டி சுவிட்சைப் போட்டாள், உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் ஆல்பத்தைப் பார்த்துக்கொண்டே, ஏன் அப்படிக் குனிந்தாய் என்று கேட்டேன். "வேர்வ ஊத்திக்கினு கெடக்குது, காத்து ஒத்துக்காதுன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான். அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி. பட்டுச் சட்ட வேற. மேடையில கையத் தூக்கவுட்டு வேடிக்க பாக்கச் சொல்றீங்களா?" என்றாள்.

விழுப்புரத்தில் தோல் டாக்டரிடம் இழுத்துப்போனதும் அவள்தான். டாக்டரம்மா தைராய்டும் சுகரும் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. "இது அழுக்கால வர்றதில்ல. வெக்கப்படவும் ஒண்ணுமில்ல. வேர்வைச் சுரப்பிய முடுக்குற நரம்பு தேவைக்கு மேல வேல பாக்குது" என்றார். "இவர்கிட்ட ஓவர்டைம் பாக்கறது அது ஒண்ணுதாங்க" என்றாள் என் மனைவி. சென்ட்டு நாற்றத்தைத்தான் மறைக்கும், வேர்வையை நிறுத்தாது என்று சொல்லி, வேர்வையை அடக்குகிற மருந்து ஒன்றை எழுதிக்கொடுத்தார். படுக்கப் போகும்போது, நன்றாகக் காய்ந்த தோலில் தடவ வேண்டும். காலையில் கழுவிவிட வேண்டும்.

எனக்குப் பொறுமை ஏது? மறுநாள் காலையிலேயே அக்குளை ஷேவ் செய்து, குளித்து, ஈரத்தோடு தடவிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ் திண்டிவனத்தைத் தாண்டுவதற்குள் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. இரண்டு கைகளையும் விரித்து விசிறிக்கொண்டிருந்தேன். "இன்னா சார், டிக்கெட்டு வாங்கிட்டுப் பறந்தே போப்போறீங்களா?" என்றார் கண்டக்டர்.

எரிச்சல் ஆறியதும் அந்தப் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். பாயை விரித்துவிட்டு, "கையத் தூக்குங்க" என்பாள். போலீசிடம் மாட்டிய திருடன் மாதிரி நான் தூக்குவேன். பழைய பேப்பரை மடித்து விசிறுவாள். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள், பக்கத்து வீட்டுச் சண்டை, குழம்பில் உப்பு என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். காய்ந்து வெகுநேரம் ஆகியிருக்கும். அவளும் நிறுத்த மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன்.

சில வாரங்களில் வேர்வை மட்டுப்பட்டது. பிறகு வாரத்துக்கு ஓரிரு முறை தடவினாலே போதும் என்றார் டாக்டரம்மா. மேல்தட்டிலிருந்து நான் எட்டி எடுத்த முதல் அரக்குப் புடவையை அவளுக்கே வாங்கி வந்தேன். "போன வருஷத்துச் சரக்கா?" என்றாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவில்லை.

இப்போதும் மருந்து தடவுகிறேன். ஃபேனுக்குக் கீழே தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டு உட்காருகிறேன். சீக்கிரமே காய்ந்துவிடுகிறது.

அரக்குப் புடவையில் அவள் எடுத்துக்கொண்ட படத்தை, தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட எங்கள் மகன் சுவரில் உயரத்தில் மாட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் மாலை போட நான் எட்டுவதைப் பார்த்து, "கொஞ்சம் எறக்கி மாட்டட்டுமாப்பா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். குதிகாலை உயர்த்தி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித்தான் போடுகிறேன். சட்டை காய்ந்துதான் இருக்கிறது. அவள் நேராக என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். போட்டுவிட்டு வந்து ஆல்பத்தைத் திறந்தால், அங்கே இன்னும் எனக்காகக் குனிந்து நிற்கிறாள்.