குச்சி கேக்கும் கருவாட்டு வாசமும்

பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தால் பாவாடை நனைந்து பின்பக்கம் முழுவதும் சில்லிட்டுப் போகும். ஆனாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அங்கே மட்டும்தான் 'சிக்னல்' கிடைக்கும் என்பதால், தொற்றுக்குப் பயந்து பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த அந்த மாதங்களில், பதின்மூன்று வயதுக்காரியான நான் அப்பாவின் போனோடு அங்கேதான் தவம் கிடந்தேன். ஒருநாள் விஞ்ஞானப் பாடம் பாதியில் அறுந்துபோக, ஏதோ ஒரு வீடியோ தானாக ஓடியது: நெயில் பாலிஷ் போட்ட ஒரு கை, குச்சியில் குத்திய சின்னக் கேக் உருண்டையை உருகிய சாக்லேட்டுக்குள் முக்கி எடுத்தது. கண்ணாடி மாதிரி மின்னியது அது. அவ்வளவுதான், ஞாயிற்றுக்கிழமை தம்பியின் பிறந்தநாளுக்கு இதைத்தான் செய்வது என்று அங்கேயே முடிவு கட்டி, ஓடிவந்து அவனிடம் சொல்லியும் விட்டேன்.

தம்பி ஜெரோமுக்கு, மேட்டிலிருந்த வரிசை வீடுகளான மேல் லயத்துப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'டூப்பு'. அவன் அளப்பதில் பாதி நடக்காது. இதையும் உடனே போய் அளந்துவிட்டு வந்தான். அந்தக் கூட்டத்தின் தலைவி சுகந்தி, "குச்சியில கேக்கா? ஐஸ்பழம்னு சொல்லு, நம்புறோம். ஞாயித்துக்கெழம வந்து பாப்போம், இல்லேன்னா சாகுற வரைக்கும் நீ டூப்புதான்டா" என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

"செஞ்சிருவதானேக்கா?" என்று கேட்டான்.

பாட்டுப் போட்டுக்கொண்டு ரொட்டி விற்க வரும் பாண் ஆட்டோவில் இரண்டு பட்டர் கேக் வாங்கினோம். மஞ்சளாக, வாசமாக, அப்படியே தின்றிருக்க வேண்டிய கேக். அதைத் தூளாக்கி, மாஜரினும் ஐசிங் சீனியும் போட்டுக் கையால் பிசைய வேண்டும் என்பது அந்த நெயில் பாலிஷ் கையின் கட்டளை. பிசைந்தேன். அது விரலிடுக்கில் பிதுங்கி, நகக்கண்ணில் ஏறி, குழந்தையின் வாயிலிருந்து திரும்பி வந்த பிஸ்கட்டைப்போல் கொழகொழவென்று ஆனது. மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் துணி அலசிவிட்டு வந்த அம்மா எட்டிப் பார்த்து, "ஏன்டி, மாட்டுக்குப் புண்ணாக்கா பெசையிற?" என்றார். அப்பாவுக்கோ தாங்கவே முடியவில்லை: "நல்லா இருந்த கேக்க ஒடைச்சு, திரும்பக் கேக்காவே உருட்டுறா பாரு!"

குச்சிக்கு எங்கே போவது? எங்கள் வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில் எப்போதும் 'மிலாறு' காய்ந்துகொண்டிருக்கும், கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் விறகு. மெல்லியதாகப் பார்த்து ஒடித்துத் தோலைச் சீவினேன். அதே பரணில், மிலாறை ஒட்டியே, கருவாட்டுப் பொட்டலமும் மாதக்கணக்காகப் புகை குடித்துக்கொண்டிருந்ததை என் மூக்கு அறியும்; மூளைக்கு அது எட்டவில்லை. சாக்லேட்டோ உருக்கும்போது ஆவி பட்டு மணல்மணலாகத் திரிய, தேங்காயெண்ணெய் ஊற்றிச் சமாளித்தேன். அதிலிருந்து தலைக்கு எண்ணெய் தேய்த்த வாசம் எழுந்தது.

வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. வெளியே பனிமூட்டம் இருக்கிறதே! பாத்தியிலிருந்து அப்போதுதான் அறுத்த, இலை இலையாக மூடிய பெரிய முட்டைக்கோவாவில் குச்சிகளைக் குத்தி, முள்ளம்பன்றி மாதிரி நிறுத்தி, குளிரட்டும் என்று கொல்லையில் வைத்தேன். முன்னறையில் மேல் லயத்துப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எடுக்கப் போனால், கோவா இலைகளுக்குள் குடியிருந்த ஓடில்லா நத்தைகள் குச்சி வழியே ஏறி, சாக்லேட்டின்மேல் பளபளவென்று கோடு இழுத்திருந்தன. ஒன்று உருண்டையின் உச்சியில் ஒட்டிக்கொண்டு கொம்பை ஆட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு, நத்தை தொடாத நாலைந்தை மட்டும் பிடுங்கித் தட்டில் வைத்தேன்.

முதல் கடி ஜெரோமுடையது. கண்ணில் நீர் கோத்துக்கொள்ள மென்று விழுங்கி, "சூப்பர்" என்றான். அடுத்துக் கடித்த சுகந்தி உள்ளங்கையில் துப்பினாள்.

"அய்யே, கருவாடு!"

"அது சாக்லேட் வாசம்டீ. ஒனக்கென்ன தெரியும்?" என்றான் ஜெரோம்.

"அப்ப இன்னொன்னு தின்னு, பாப்போம்."

தின்றான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. சுகந்தி தன் கையிலிருந்த குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாத்தந்தான். ஆனா குச்சியிலதான் இருக்கு. இவன் டூப்பு இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். அன்றோடு அந்தப் பெயர் ஒழிந்தது. மறுநாளிலிருந்து நான் 'கருவாட்டக்கா' ஆனேன்.

இப்போது சிக்னல் வீட்டுக்குள்ளேயே வருகிறது. கேஸ் அடுப்பு வந்ததும் அப்பா பரணைப் பிரித்துப் போட்டுவிட்டார். மேல் லயத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்பதால் கருவாட்டக்கா என்று கூப்பிடவும் ஆளில்லை. ஹட்டன் டவுன் பேக்கரிக் கண்ணாடிக்குள் குச்சி கேக்கைக் கண்டால் மட்டும் இன்றைக்கும் என் விரலிடுக்கு பிசுபிசுக்கிறது.

கிறிஸ்மஸ் லீவுக்கு கொழும்பிலிருந்து சுகந்தி வருகிறாளாம். நத்தை விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. மாவும் முட்டையும் அடித்து, மணல் பரப்பிய சட்டிக்குள் வைத்து, முழுசாக ஒரு கேக் சுடப்போகிறேன். கத்தியால் வெட்டித் தட்டில் வைப்பேன், உடைக்கிற பேச்சே இல்லை என்று ஜெரோமிடம் சொன்னேன். மீசை அரும்பத் தொடங்கியிருக்கும் அவன் யோசித்துவிட்டு, "ஒரே ஒரு துண்டுலயாவது குச்சி குத்துக்கா, இல்லாட்டி அவ நம்ப மாட்டா" என்கிறான்.

மூங்கில் குச்சிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.