சலூன்காரர் அறிவித்த ஐந்து தாள்கள்

சலூன்காரருக்கு ஒரே மகள். பிறந்த அன்று பாப்பா என்று கூப்பிடத் தொடங்கியவர்கள் பதினேழு வயதாகியும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்லதாக ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு தோழி யாராவது வந்து நின்றால், இவள் யாரைத் தேடுகிறாள் என்று சலூன்காரர் ஒரு கணம் முழிப்பார்.

கீழே கடை, மேலே வீடு. கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று நல்லது. மற்றதில் உட்கார்ந்தவர் முடிவெட்டி முடிப்பதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிடுவார்; சலூன்காரரும் கூடவே குனிந்துகொண்டு போவார். அதனால் வேண்டியவர்களுக்கு நல்ல நாற்காலி, மற்றவர்களுக்கு இறங்குகிற நாற்காலி.

பாப்பா படித்த பள்ளியில் கடைசி வருடத்துக்கென்று ஓர் ஏற்பாடு இருந்தது. எல்லோரும் எழுதுவது சாதாரணத் தாள். அதற்கு மேலே, வேண்டுமென்கிறவர்களுக்கு உயர்தாள். உயர்தாள் எடுத்தால் விடிந்தும் விடியாமலும் தனி வகுப்பு, வருடக் கடைசியில் தனிப் பரீட்சை. அதில் தேறிவிட்டால் கல்லூரியில் அந்தப் பாடத்தின் முதல் வருடத்தைத் தாண்டிக் குதித்துவிடலாம். எந்தப் பாடம், எத்தனை, எடுப்பதா வேண்டாமா என்பதெல்லாம் பிள்ளையின் விருப்பம் என்று பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடம் சொல்லும், வீடு கேட்க வேண்டுமே.

சலூன்காரருக்கு ஒரு சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருந்தார். அக்காள்தான் முதலில் கல்யாணம் செய்துகொண்டாள், ஆனால் தங்கை முந்திப் பெற்றுவிட்டாள், அதுவும் ஆண்பிள்ளை. அன்றைக்கு முந்திய சகலை பிறகு எதிலும் பின்தங்கவில்லை. முதலில் வண்டி வாங்கியவர் அவர், முதலில் மாடி கட்டியவர் அவர். பையன் இப்போது கடைசி வருடத்தில் ஐந்து உயர்தாள் எடுத்திருந்தான். கண்ணாடிக்கடையில் எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசி வரியைத் தேடுகிற ஆளிடம்கூடச் சகலை அந்த ஐந்தைச் சொல்லாமல் விடமாட்டார். அவர் எழுத்தைப் பார்ப்பாரா, ஐந்தைக் கேட்பாரா, பாவம்.

அடுத்த வருடம் பாப்பாவின் முறை. சலூன்காரர் முந்திக்கொண்டார். பாப்பாவும் ஐந்துதான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். பாப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை.

செய்தி காதுக்கு எட்டியதும் பாப்பா கீழே வந்து, காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சில் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்து அப்பா கருத்துக் கேட்கிற அழகைக் கவனித்தாள். சவரக்கத்தியைத் தொண்டைக்குழியில் வைத்துக்கொண்டு, “கெட்டிக்காரப் பிள்ளை அஞ்சு எடுக்கறதுதானே நியாயம்?” என்று கேட்பார். நாற்காலியில் இருப்பவர் தலையை ஆட்டவும் முடியாது, வாயைத் திறக்கவும் முடியாது. புருவத்தைத் தூக்குவார். அதைச் சலூன்காரர் சம்மதமாக எடுத்துக்கொள்வார். இப்படியே தெரு முழுவதும் ஒருமனதாகிவிட்டது.

பஸ் டிரைவர் ஒருவர் சவரம் முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது பாப்பா பின்னாலேயே போய்க் கேட்டாள், நிஜமாகவே ஐந்து எடுக்கச் சொல்கிறீர்களா என்று. அவர் கடைப்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்கப்பா கத்தியோட கேட்டா நான் அம்பதுன்னும் சொல்லுவேம்மா.”

அன்று சாப்பாட்டு நேரத்தில் பாப்பா விஷயத்தை எடுத்தாள். தனக்கு இரண்டு போதும், வேதியியலும் வரலாறும் என்றாள்.

சலூன்காரர் கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். வேதியியல் சரி. வரலாறும் கிடக்கட்டும். இரண்டையும் சேர்த்து எடுப்பது எந்த ஊர் வழக்கம்? இடது காலில் செருப்பு, வலது காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு போவதுபோல இல்லையா? அதைவிட, வகுப்பிலேயே கணக்கில் முதலாக வருகிற பெண் கணக்கை எப்படி விடுவாள்?

“கணக்கை விடலப்பா. சாதாரணத் தாள் எழுதத்தான் போறேன். உயர்தாள் வேண்டாங்கறேன்.”

“உனக்குத்தான் நல்லா வருதே.”

“நல்லா வர்றதெல்லாம் பிடிச்சிருக்கணுமாப்பா? உங்களுக்கு ஷேவிங் எவ்வளவு நல்லா வருது. ஆனா ஷேவிங்னு ஆள் வந்தா மேல வந்து அம்மாகிட்ட முணுமுணுக்கறீங்க.”

சலூன்காரர் மனைவியைப் பார்த்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பதுபோலவே பேச்சையும் அளந்து கொடுப்பாள். “ஊருக்கெல்லாம் அஞ்சுன்னு சொல்லிட்டீங்க. பரீட்சைய ஊரா எழுதப்போகுது?” என்றாள். அவ்வளவுதான். அப்பனும் மகளும் அதற்குப் பிறகு உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகவே கேட்டுக்கொண்டார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அப்பாவின் கையெழுத்தோடு விண்ணப்பத்தைக் கொடுத்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சகலை மகனோடு வந்தார். பரீட்சை அட்டைக்குப் போட்டோ எடுக்கப் பையனுக்கு முடிவெட்ட வேண்டுமாம். பையனுக்கு நல்ல நாற்காலி கிடைத்தது. சகலை பெஞ்சில் உட்கார்ந்து, காத்திருந்த பேக்கரிக்காரரிடம் ஐந்தைப் பற்றி முதல் தாளிலிருந்து ஆரம்பித்தார்.

சலூன்காரர் துணியைப் போர்த்தித் தலையில் தண்ணீர் தெளித்தார். தெளித்ததுதான் தாமதம், பையன் தூங்கிவிட்டான். தூக்கமென்றால் சாதாரணத் தூக்கமில்லை, வாய் பிளந்து தலை தோளில் சரிந்த தூக்கம். சலூன்காரர் ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டினார். சகலை மூன்றாவது தாளில் இருந்தார்.

காதுக்குப் பின்னால் முடியைத் தூக்கியபோது சலூன்காரரின் சீப்பு நின்றது. அங்கே ஒரு பொத்தான் அளவுக்கு முடியே இல்லை. வட்டமாக, வழவழவென்று இருந்தது. இத்தனை வருடத்தில் இதுபோல வேறு தலைகளிலும் பார்த்திருக்கிறார். ஒருவருக்கு வேலை போயிருந்தது, இன்னொருவருக்கு மனைவி போயிருந்தாள். பதினெட்டு வயதுத் தலையில் பார்த்ததில்லை.

சகலையிடம், மேலே அக்காள் காபி போட்டு வைத்திருப்பாள், ஆறிவிடும் என்றார். சகலை நான்காவது தாளைப் பேக்கரிக்காரரிடம் பாதியில் விட்டுவிட்டு மாடியேறினார். பேக்கரிக்காரரும் தப்பித்தோம் என்று பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். சலூன்காரர் பையனின் கன்னத்தை மெல்லத் தட்டினார்.

“இது எப்பருந்துடா இருக்கு?”

பையன் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. “தெரியல பெரியப்பா. தலையணையில முடியா கெடக்கும். அப்பாகிட்ட சொல்லாதீங்க.”

“அஞ்சும் நீ கேட்டு எடுத்ததா?”

“மூணுன்னு சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள அப்பா கடையில எல்லார்கிட்டயும் அஞ்சுன்னுட்டாரு. அப்புறம் எப்படிக் குறைக்கறது?”

சலூன்காரர் நிமிர்ந்தார். எதிரே கண்ணாடி. நாற்காலிக்குப் பின்னால் கத்தரிக்கோலோடு ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. இந்த ஆளும் அதேதான் செய்திருக்கிறான், கண்ணாடிக்கடைக்குப் பதிலாகச் சலூனில்.

பிறகு வேலையை மிகவும் கவனமாகச் செய்தார். மேலே முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டு, அந்த இடத்தின்மேல் படிகிறமாதிரி வாரினார். போட்டோவில் தெரியாது. வெட்டிக்கொண்டே, உன் அப்பனிடம் சொல்லத்தான் போகிறேன், ஆனால் உன்மேல் கோபம் வருகிறமாதிரி சொல்லமாட்டேன் என்றார். பையன் கண்ணை மூடிக்கொண்டான்.

சகலை காபி வாசனையோடு இறங்கி வந்தார். மேலேயும் யாரோ கேட்டிருக்கிறார்கள்போல, ஐந்தாவது தாளைச் சொல்லிக்கொண்டேதான் வந்தார். சலூன்காரர் அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பையனின் காதுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். சகலை பேச்சு நின்றது. விரலை எடுத்தார், குனிந்து பார்த்தார், மறுபடியும் விரலை வைத்தார்.

“டாக்டர்கிட்ட காட்டு. ரெண்டைக் குறைச்சுரு. பரீட்சை அட்டை வர்றவரைக்கும் சாதாரணத் தாளுக்கு மாறிக்கலாமாமே, பாப்பா அவ அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தா.”

சகலை முடியை இழுத்து அந்த இடத்தை மூடினார். “கடைக்கு வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?” என்றார்.

“நானும் அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்” என்றார் சலூன்காரர்.

அன்று மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு மாடியேறிப் போனார். பாப்பா சண்டைக்குத் தயாராக இருந்தாள். என்னென்ன சொல்வார், அதற்கு என்னென்ன பதில் என்று ஒரு வாரமாகக் குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். அவரோ எதிரே உட்கார்ந்து, “உனக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்டுவிட்டார்.

பாப்பாவுக்கு இருட்டில் படியிறங்கும்போது ஒரு படி குறைந்தமாதிரி இருந்தது. இருந்தாலும் தயாரித்ததை வீணாக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். வேதியியலில் ஒன்றைக் கலந்து வேறொன்றாக மாறுவதைப் பார்க்கும்போது சாப்பாடே மறந்துபோகிறது என்றாள். வரலாறு வேறு ஒன்றுமில்லை, பெரிய மனிதர்களின் வீட்டுச் சண்டைதான், அதைக் கேட்க யாருக்குத்தான் கசக்கும் என்றாள். மற்ற மூன்றையும் எடுத்தால் இந்த இரண்டையும் அவசர அவசரமாக விழுங்க வேண்டியிருக்கும் என்றாள். சலூன்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், கணக்கை மட்டும் மூன்றாவதாக, என்று இழுத்தார். மனைவி அடுப்படியிலிருந்து இருமினாள். இழுத்ததை அப்படியே சுருட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. ஐந்து என்று சொன்ன ஒவ்வொருவரிடமும் இரண்டு என்று திருத்திச் சொல்ல வேண்டுமே. முதலில் பேக்கரிக்காரர் வந்தார். சலூன்காரர் தொண்டையைச் செருமி, பாப்பா ஐந்து எடுக்கவில்லை, இரண்டுதான் என்றார். பேக்கரிக்காரர், பாப்பா கடைசி வருடத்துக்கு வந்துவிட்டாளா என்று ஆச்சரியப்பட்டார். அடுத்து வந்தவருக்கு அந்த ஐந்து பையனுடையதா பெண்ணுடையதா என்றே நினைவில்லை. மூன்றாவது ஆள், தம்முடைய முதுகுவலியைப் பற்றித்தான் அன்றைக்கு இருவரும் பேசியதாகச் சாதித்தார். இந்த ஜனங்களுக்காகவா ஒரு வாரம் மகளிடம் பேசாமல் இருந்தோம் என்று சலூன்காரருக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வருத்தமும் வந்தது.

சகலை மட்டும் இரண்டு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை. பையன் மூன்று தாளை எழுதி, மூன்றிலும் தேறிய பிறகு வந்தார். காதுக்குப் பின்னால் பூனைமயிர்போல முளைத்திருப்பதைப் பையனைத் திருப்பி நிறுத்திக் காட்டினார். நல்ல நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் இறங்குகிற நாற்காலியில் உட்கார்ந்து, முறுக்கிக்கொள்ளாமல் இறங்கிப் போனார்.

பாப்பாவின் வகுப்புகள் தொடங்கின. இருட்டோடு எழுந்து போகிறவள் முதல் வாரக் கடைசியில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். வேதியியல் உயிரை வாங்குகிறது, நடத்துகிற டீச்சர் மூச்சு விடாமல் பேசுகிறார், பக்கத்துப் பெஞ்சில் இருப்பவனுக்கு மட்டும் எப்படித்தான் புரிகிறதோ என்று அடுக்கினாள். சலூன்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினார். நாக்கு நுனிவரை ஏதேதோ வந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, “அப்ப விட்டுடறியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

பாப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “யாரு விடறேன்னு சொன்னா?” என்று புத்தகத்தைப் பெஞ்சில் போட்டுப் பிரித்தாள்.