மட்டையை வெட்டி எடுத்த படம்

1. கேமரா

செம்பனைக் குலை வெட்டி வெட்டி என் இடுப்பு போனது. இனிப் பளு தூக்கக்கூடாது என்றார் டாக்டர். மலேசியாவில் கோலா சாவா பக்கம் எங்கள் தோட்டம். ஆபீசில் ஒரு கேமராவைக் கொடுத்தார்கள். தோட்டத்தில் என்னென்ன பறவை, மிருகம் இருக்கிறது என்று சுற்றுச்சூழல் ஆடிட்டுக்குக் காட்ட வேண்டுமாம்.

ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சேகர் சொன்னார்: "அண்ணே, மாசக் கடைசிக்குள்ள சுவத்துல மாட்டற மாதிரி ஒரு படம் வேணும். இல்லன்னா கேமராவ வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிட்டாரு மேனேஜர்."

எனக்கு வேறு வேலை இல்லை. சரி என்றேன்.

முதல் வாரம் எடுத்ததெல்லாம் வால்தான். இருபத்தாறு வருடம் மரத்துக்கு மரம் ஓடிய கால். உட்கார்ந்தால் அரிக்கும். எழுந்துவிடுவேன். எழுந்தால் பறவை போய்விடும்.

உடும்பு ஒன்று எடுத்தேன். கிராணி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உடும்பா, தண்ணி பைப்பாண்ணே?"

2. கூடு

மறுநடவு போட்ட இடத்தில் கன்றுகள் ஆள் உயரம். ஒன்றில் கொண்டைக்குருவிக் கூடு. மூன்று குஞ்சு. ஒரு மட்டை குறுக்கே தொங்கிக் கூட்டை மறைத்தது.

பழத்தை மறைக்கிற மட்டையை வெட்டுவது எங்கள் வேலை. யோசிக்கவே இல்லை. பாராங் கத்தியை எடுத்தேன். ஒரே வெட்டு.

மறுநாள் பதினோரு மணி வெயில். தாய் கூட்டின் விளிம்பில் இரண்டு இறக்கையையும் விரித்து நின்றது. அசையவில்லை. இருபது படம் எடுத்தேன்.

சாப்பிட வந்தபோது மனைவி காமாட்சியிடம் காட்டினேன். அவளும் அதே தோட்டத்தில் மருந்தடித்தவள்.

"எப்படி இருக்கு?"

"வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. வெயிலு தாங்கல அதுக்கு. குஞ்சுக்குக் கொட புடிக்குது."

படத்தின் ஓரத்தைத் தொட்டாள். "இங்க இருந்த மட்ட எங்க? இது ஒங்க வெட்டுதான? இன்னும் பச்சையா இருக்கு."

பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

பக்கத்து வரிசையில் ஒரு மட்டை வெட்டினேன். கூட்டுக்கு நிழல் விழும்படி ராஃபியா கயிற்றால் கன்றோடு கட்டினேன். நாற்பது அடி தள்ளிப் போனேன். தாயைக் காணோம். உட்கார்ந்தேன். எழுந்தேன். கிட்டே போய்ப் பார்க்கலாமா என்று கால் இழுத்தது. போகவில்லை. அரை மணிக்கு மேல் ஆனது. வந்தது. இறக்கையை மடக்கி உட்கார்ந்தது.

ஒரு குஞ்சு பிழைக்கவில்லை. மற்ற இரண்டும் பறந்தன.

3. சுவர்

படத்தைக் கிராணியிடம் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் வேலை போகும். நடந்ததையும் சொன்னேன்.

"அடியில எழுதிடு தம்பி. நெழல் மட்டைய வெட்டுனது நான்தான்னு."

"ஐயோ அண்ணே! ஆடிட்டு நேரத்துல இத எழுதுனா, மேனேஜர் நம்ம ரெண்டு பேரையும் வெட்டிருவாரு லா."

எழுதவில்லை. படம் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. கேமரா என்னிடம் இருக்கிறது. வருகிறவர்கள், பறவை டான்ஸ் ஆடுது என்கிறார்கள். நான் வெளியே போய்விடுவேன்.

புதிதாகப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒன்றுதான். இலை மறைத்தால் நீங்கள் நகருங்கள். நகர இடமில்லாவிட்டால் படமில்லாமல் வீட்டுக்குப் போங்கள்.

சுவரில் எழுத விடாததை இங்கே எழுதிவிட்டேன். அந்த மட்டையை வெட்டியது நான்.