சுவருக்குக் கட்டுப் போட்ட வீடு

விலையை மட்டும் கேட்காதீர்கள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் பாதி சொன்னேன். என் வீட்டுக்காரரிடம் அதிலும் பாதிதான் சொன்னேன். அதற்கே மனிதர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ராஜபாளையத்தில் நைட்டி தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் ஒன்று நடத்துகிறேன். தளவாய்புரத்திலிருந்து வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும்; தைத்து அனுப்புவோம். பகலெல்லாம் ஓவர்லாக் மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் பாட்டைப் பாட்டாகக் கேட்க வேண்டும் என்று ஆசை. தீபாவளி சீசன் கை கொடுத்தது. வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டும் வாங்கினேன். என் சம்பாத்தியத்தில் வாங்கினேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் சொன்னது எடுபடவில்லை.

வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். எதையும் பிரித்துப் பார்த்துக் குறை சொல்வது அவருக்குத் தொழில். ஒரே பாட்டுக்கு ரெண்டு ஸ்பீக்கர் எதற்கு என்றார். உங்களுக்கு எதற்கு ரெண்டு காது என்றேன். ஆம்ப்ளிஃபயரில் பல்பு எரிகிறது, வெளிச்சத்தைக் காணோமே என்றார். அது பல்பு இல்லை, வால்வு, சூடானால்தான் பாட்டு இனிக்கும் என்று விளக்கினேன். சூடாக இனிப்பு வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கித் தருகிறேன், செலவு குறையும் என்றார்.

அறையில் சத்தம் எதிரொலிக்கக் கூடாது. அதற்கென்று விற்கிற பலகையின் விலை எனக்கே கட்டுப்படியாகவில்லை. மரச்சட்டம் அடித்து, மில் கழிவுப் பஞ்சை அடைத்து, சத்திரப்பட்டிப் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணியை மேலே இழுத்துப் போர்த்தி, நாலு சுவரிலும் மாட்டினேன். பஞ்சை மூட்டையாக வாங்கிவந்து போட்டவரே இவர்தான். வேலை முடிந்ததும் வாசலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏட்டி, செவுத்துக்கு எங்க அடிபட்டுச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்துக் காட்டவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை, 'ஆமா, வித்தியாசம் இருக்கு' என்று சொல்ல வேண்டும். அதை வாங்காமல் விடுவதில்லை என்று இருந்தேன். நூலை வைத்தே விளக்கினேன். விரலில் உருட்டிப் பார்த்தே மோட்டா நூல் எது, சன்ன நூல் எது என்று சொல்கிறீர்களே, வீணையிலும் அப்படிச் சன்னமான இழை ஒன்று கடைசியில் ஓடும், அதைப் பிடியுங்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நிஜமாகவே முயற்சி செய்தார். பிறகு அதே பாட்டைப் போனில் போடச் சொன்னார். ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்றார்.

வீம்பு என்றுதான் நினைத்தேன். ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில் இறங்கினேன். ஸ்பீக்கரைச் சோதிப்பதற்கென்று ஒரு விசில் சத்தம் உண்டு; கீழே ஆரம்பித்துச் சன்னமாக மேலே ஏறிக்கொண்டே போகும். கேட்கிற வரைக்கும் கையைத் தூக்கி வைத்திருங்கள் என்றேன். விசில் ஏறியது. பாதியிலேயே கையை இறக்கிவிட்டார். எனக்குக் காது கூசுகிற அளவுக்கு விசில் அடித்துக்கொண்டிருந்தது.

விளையாடாதீர்கள் என்றேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டுப் போடலயா இன்னும்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தெருவில் பாதி வீடு மில்காரர் வீடு. எல்லா வீட்டிலும் டிவி அலறும். எல்லா ஆண்களும் சண்டைக்குப் போகிற மாதிரிதான் பேசுவார்கள். மில்காரர் என்றால் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டு இவர் திரும்பாத போதெல்லாம், கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறார் என்று சண்டை போட்டிருக்கிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் சண்டையில் முக்கால்வாசி அதுதான். ஷெட்டுக்குள்ளே ஓடுகிற மிஷின்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற காதோடு இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காது சோதிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, போவோம் என்றேன். என் காதுக்கு என்ன கேடு என்றார். காது மிஷின் மாட்ட வேண்டியிருக்கும் என்றதும், அதற்கு எம்புட்டு ஆகும் என்றார். இந்தத் தடவை முழு விலையையும் சொன்னேன். ஆத்தாடி என்று உட்கார்ந்துவிட்டார். சரி, மாட்டினால் ஒன்று போதும், ரெண்டு எதற்கு, ஒரே பேச்சுதானே என்றார். ஸ்பீக்கருக்குச் சொன்ன அத்தனை விளக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். சொல்லிச் சொல்லி எனக்குப் பழகியிருந்தது, அவருக்குத்தான் தப்பிக்க வழியில்லை. சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றி நானும் கூடப் போனேன்.

அங்கே இருந்த பெண் சோதித்துப் பார்த்துவிட்டு, ரெண்டு காதிலும் சன்னமான மேல் சத்தம் கேட்பது குறைந்துவிட்டது, போனது திரும்பாது, மிஷின் உதவும் என்று பொறுமையாகச் சொன்னது. ரெண்டு காதுக்கும் மிஷின் மாட்டி, ஒரு வாரம் போட்டுப் பார்க்கக் கொடுத்தது. திரும்பி வரும்போது பஸ் டிரைவர் அடித்த ஹாரனில் இவர் சீட்டிலிருந்து எழும்பி, ரெண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ராஜபாளையம் வரைக்கும் நான் சொன்ன எதற்கும் அசையவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியைக் காட்டினேன். பைக்குள்ளிருந்து நானே எடுத்து மாட்டிவிட்டேன். வீணையைப் போட்டேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாட்டு முடிந்தது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்து, புருவத்தைச் சுருக்கினார்.

"பாட்டு நின்ன பொறவும் உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதேட்டி. இம்புட்டு விலை வாங்கிட்டு உன்னய ஏமாத்திட்டான் கடைக்காரன்."

வால்வு ஆம்ப்ளிஃபயரில் அந்த உஸ் கொஞ்சம் இருக்கும். வாங்கிய அன்றைக்கே எனக்குத் தெரியும். இவர் காதில் விழுந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்வார் என்று வாயே திறக்கவில்லை. ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டால்தான் தெரிகிற சத்தம் என்று என்னையே சமாதானம் செய்து வைத்திருந்தேன்.

"எந்தப் பக்கம் கேக்குது?" என்றேன்.

எழுந்து போய் ரெண்டு ஸ்பீக்கர் முன்னாலும் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"வலப்பக்கம்" என்றார்.

வலப்பக்கம்தான்.